வாசலில் வைத்த பொருளும் அமானிதமே

அமானிதங்களை அவற்றிற்கு உரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அல்லாஹுதஆலா தன் அடியார்களுக்கு இட்ட கட்டளை. திருக்குர்ஆனின் 4-வது அத்தியாயம் 58-வது வசனத்தில் இது தெளிவாக வந்திருக்கிறது. அமானிதம் என்றதும் நம்மில் பலருக்கு என்ன நினைவு வருகிறது? ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் நகையைக் கொடுத்து வைப்பதும், பயணம் போகிறவர் வீட்டுச் சாவியை ஒப்படைப்பதும்தான். ஆனால் நாள்தோறும் நம் தெருவில் பத்துப் பேர் கண்ணெதிரில் கைமாறிக்கொண்டிருக்கும் ஓர் அமானிதத்தை நாம் அமானிதமாகவே கருதுவதில்லை. பூட்டிய வீட்டின் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்களே, அந்தப் பார்சலைத்தான் சொல்கிறேன்.

திருப்பூர் வட்டாரத்தின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலை எட்டரை மணிக்கு மிஷின் ஓடத் தொடங்கினால், ஒன்றரை ஷிப்டு முடிந்து ஆட்கள் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடுகிறது. கணவனும் மனைவியும் கம்பெனிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பெரியதோட்டம் முதல் மங்கலம் வரை, அனுப்பர்பாளையம் முதல் வீரபாண்டி வரை, லைன் வீடுகளில் பகல் முழுவதும் பூட்டுத்தான் தொங்கும். பொருள் கொண்டு வருகிறவர் வருவதோ அந்தப் பகலில்தான். கதவைத் தட்டுகிறார், ஆளில்லை. திண்ணையிலோ, கேட்டுக்கு உள்ளேயோ, ஜன்னல் விளிம்பிலோ வைத்துவிட்டுப் போகிறார். இரவு வந்து பார்த்தால் பொருள் இல்லை.

போனது ஒரு குடையாகவும் இருக்கலாம். சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளம் முழுவதையும் கொட்டி வாங்கிய செல்போனாகவும் இருக்கலாம். தினமும் சாப்பிட வேண்டிய மருந்தாகவும் இருக்கலாம். நஷ்டம் அத்தோடு நிற்பதில்லை. மறுநாள் காலையிலிருந்து அண்டை வீட்டாரின் முகம் வேறாகத் தெரிகிறது. பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரப் பையன்மேல் ஒருவர் சந்தேகப்படுகிறார்; கொண்டு வந்தவனே எடுத்திருப்பான் என்கிறார் மற்றொருவர். ஒரு பொருள் போனதோடு ஒரு காம்பவுண்டின் நிம்மதியும் போய்விடுகிறது. இது உலகெங்கும் உள்ள நோய். வாசலில் வைத்த பார்சலைத் தூக்கிச் செல்கிறவர்களுக்கு அமெரிக்காவில் வாசல் கொள்ளையர் என்னும் பொருள்பட ஒரு பட்டப் பெயரே வழங்குகிறது.

இந்தத் திருட்டைத் தடுப்பது எப்படி? பூட்டும் காமிராவும் மட்டும் போதுமா? நம் மார்க்கம் இதில் என்ன வழி காட்டுகிறது? இவற்றை ஆராய்வோம்.

மதீனாவில் நடந்த ஒரு திருட்டு

வெளியூரிலிருந்து வந்த பொருள் வீட்டிலிருந்து திருடு போன ஒரு நிகழ்ச்சி பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்திலேயே நடந்தது. கதாதா இப்னு நுஃமான் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இதனை இமாம் திர்மிதி (ரஹ்) தம் நூலில் பதிந்திருக்கிறார்கள்.

அக்காலத்தில் ஷாம் தேசத்திலிருந்து வணிகர்கள் மதீனாவுக்கு உயர்ந்த மாவு கொண்டு வருவார்கள். கதாதாவின் சிறிய தந்தையார் ரிஃபாஆ இப்னு ஸைது (ரலி) அவர்கள் அதில் ஒரு சுமை வாங்கித் தம் வீட்டின் சேமிப்பு அறையில் வைத்தார்கள். கவசமும் வாளும் அதே அறையில் இருந்தன. இரவில் யாரோ அந்த அறைக்குக் கன்னம் வைத்து மாவையும் ஆயுதங்களையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். விசாரித்தபோது உபைரிக் குடும்பத்தார்மீது சந்தேகம் எழுந்தது. அவர்களோ லபீத் இப்னு ஸஹ்ல் என்னும் நல்லவர்மீது பழியைப் போட்டார்கள். அவர் வாளை உருவிக்கொண்டு வந்து, என்னையா திருடன் என்கிறீர்கள் என்று கேட்க, பழி சொன்னவர்கள் பின்வாங்கினார்கள். தப்ஸீர் நூல்களில் வரும் மற்றோர் அறிவிப்பில், திருடிய கவசத்தை ஸைது இப்னு ஸமீன் என்னும் யூதரின் வீட்டில் வைத்துவிட்டு, அவரே திருடினார் என்று சொன்னதாக வந்துள்ளது.

திருடியவனின் கூட்டத்தார் பெருமானாரிடம் வந்து அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். அப்போதுதான் திருக்குர்ஆனின் 4-வது அத்தியாயத்தில் 105-வது வசனம் தொடங்கித் தொடர்ச்சியாகச் சில வசனங்கள் இறங்கின. மோசடிக்காரர்களுக்காக வாதாடக் கூடாது என்று அல்லாஹ் விலக்கினான். தான் செய்த பாவத்தை ஒரு நிரபராதியின்மீது போடுகிறவன் அவதூறையும் வெளிப்படையான பாவத்தையும் சேர்த்துச் சுமக்கிறான் என்று 112-வது வசனம் எச்சரித்தது.

சகோதரர்களே! இதில் நமக்கு இரு பாடங்கள் இருக்கின்றன. திருடியவன் நம் கூட்டத்தான் என்பதற்காக அவனைக் காப்பாற்றக் கூடாது. திருடாதவன் வேற்று மார்க்கத்தான், வேற்று மொழிக்காரன் என்பதற்காக அவன்மீது பழி போடவும் கூடாது. ஒரு யூதரின் மானத்தைக் காக்க வானத்திலிருந்து வஹீ இறங்கியது என்றால், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்காக நம் ஊருக்கு வந்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஏழையின் மானம் நமக்கு விளையாட்டா?

வழியில் உள்ள பொருள் யாருடையது?

பணத்தைக் கட்டிவிட்டோம், பொருள் இன்னும் கைக்கு வரவில்லை. நடுவில் போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? இதைப் பலர் கேட்கிறார்கள்.

கொங்கு நாட்டு முஸ்லிம்களில் ஹனஃபிகள் மிகுதி. கடற்கரை ஊர்களிலிருந்து வியாபாரத்துக்காக வந்து குடியேறிய ஷாஃபிஈகளும் இருக்கிறார்கள். இரு மத்ஹபுகளிலும் அடிப்படை ஒன்றுதான். விற்ற பொருளை வாங்கியவர் கைப்பற்றுவதற்கு முன்னால் அது விற்றவரின் பொறுப்பில் அழிந்துபோனால் நஷ்டம் விற்றவரைச் சேரும். வாங்கியவர் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபிச் சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட மஜல்லா என்னும் சட்ட நூலிலும் இதுவே விதியாகும். கொண்டு வருகிறவரை ஏற்பாடு செய்தவர் விற்றவர் என்றால், அவர் கையில் இருப்பது விற்றவர் கையில் இருப்பதே. வாங்கியவரே தம் ஆளை அனுப்பி எடுத்துவரச் சொன்னால், அந்த ஆள் கைப்பற்றியது வாங்கியவர் கைப்பற்றியதாகும்.

கைப்பற்றுவது என்றால் என்ன? கிதாபுகளில் இதைக் கப்ளு என்பார்கள். தடையேதும் இல்லாமல் எடுத்துக்கொள்ளும்படி வாங்கியவருக்கு வழிவிட்டுவிட்டாலே கைப்பற்றியதாகும் என்பது ஹனஃபிகளின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில், எடுத்துச் செல்லக்கூடிய பொருளை இடம் மாற்றினால் கப்ளாகும். வாங்கியவர் கை நீட்டி எடுக்கும்படி அவர் முன்னால் வைத்தாலும் ஆகும். இரண்டிலும் வாங்கியவர் எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அவர் ஐந்து மைலுக்கு அப்பால் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்க, அவருடைய பூட்டிய கதவின் முன்னால் வைத்துவிட்டுப் போவது அவர் முன்னால் வைத்ததாகாது.

ஆனால் வாங்கியவரே போனில், வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டால் நிலைமை மாறுகிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. அவர் சொன்னபடி வைத்துவிட்டுப் போனவரைப் பிறகு குற்றம் சாட்டுவது நியாயமல்ல. அவசரத்தில் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு பெரிய பொறுப்பு அடங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

காவல் இல்லாத பொருள்

திருட்டைப் பற்றிய பாடத்தில் ஃபுகஹாக்கள் ஹிர்ஸ் என்றொரு சொல்லை ஆளுகிறார்கள். ஒரு பொருளை வழக்கமாக எங்கே, எப்படிப் பாதுகாப்பார்களோ அந்தக் காவலுக்கு ஹிர்ஸ் என்று பெயர். இது இரு வகை. வீடு, கடை, பெட்டி போன்ற இடத்தால் ஆன காவல் ஒன்று. பொருளின் அருகில் ஓர் ஆள் இருப்பதால் ஏற்படும் காவல் மற்றொன்று.

ஸஃப்வான் இப்னு உமய்யா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் தம் போர்வையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். திருடன் ஒருவன் அதை உருவிச் சென்றான், பிடிபட்டான். அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் வரும் இந்த ஹதீஸில், பள்ளிவாசல் எல்லோரும் வந்து போகிற இடமாயிருந்தும், தலைக்கு அடியில் இருந்த போர்வை காவலில் உள்ள பொருளாகவே கொள்ளப்பட்டது. மாறாக, மரத்தில் தொங்கும் பழத்துக்கும், களத்தில் கொண்டு வந்து சேர்த்த பழத்துக்கும் பெருமானார் (ஸல்) அவர்கள் வேறு வேறு சட்டம் சொன்னார்கள். திருட்டுக்கான குற்றத் தண்டனை களத்தில் சேர்த்த பிறகே வரும்.

இந்தக் குற்றத் தண்டனைகள் இஸ்லாமிய அரசின் காழிக்கு உரியவை; தனி மனிதரோ ஜமாஅத்தோ கையில் எடுப்பவை அல்ல. நம் நாட்டில் அரசாங்கச் சட்டம் இருக்கிறது. இங்கே இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஹிர்ஸ் இல்லாத இடத்தில் தண்டனைதான் நீங்குகிறதே தவிர, பாவம் நீங்குவதில்லை. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் நீங்குவதில்லை. கேட்பாரற்றுக் கிடந்தது, அதனால் எடுத்தேன் என்று சொல்கிறவன் ஒரு ஹராமைத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்கிறான். வேலி இல்லை என்பதால் ஹராம் ஹலாலாகி விடுமா?

அதே சமயம், பொருளுக்குக் காவல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மார்க்கத்தில் இருப்பதையும் இதிலிருந்து அறிகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்ட ஒருவருக்கு, முதலில் கட்டும்படியே பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பூட்டிய வீட்டுக்குப் பொருளை வரவழைத்துவிட்டு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று இருப்பது கட்டாத ஒட்டகம்தான்.

பொருளுக்கு உரியவர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஆள் இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுங்கள். பகல் முழுவதும் கம்பெனியில் இருப்பவர், முதலாளியின் சம்மதம் பெற்றுக் கம்பெனி முகவரியையே கொடுக்கலாம். வாட்ச்மேன் வாங்கி வைப்பார் என்று நீங்களாகவே எண்ணிக்கொள்ளாமல், அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் எப்போதும் திறந்திருக்கும் உறவினர் கடை ஒன்று இருந்தால் அது இன்னும் நல்லது.

இரண்டாவதாக, பொருள் எந்த நாளில் வரும் என்று செய்தி வரும்போது அதைப் படியுங்கள். அன்று ஆளில்லை என்றால் வேறு நாளைக் கேளுங்கள்.

மூன்றாவதாக, விலை உயர்ந்த பொருளுக்கு, ரகசிய எண்ணைச் சொன்னால்தான் கொடுப்போம் என்கிற ஏற்பாடு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பொருள் உங்கள் கைக்கு வந்த பிறகே அந்த எண்ணைச் சொல்லுங்கள். போனில் கூப்பிட்டு, பார்சல் வந்திருக்கிறது, எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்கும் ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிட்டார்கள். அப்படிச் சொல்லிப் பணம் இழந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நான்காவதாக, பொதியைப் பிரிக்கும்போது செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பொருள் மாறியிருந்தால் அது சாட்சியாகும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், சாட்சி வைத்துக்கொள்ளவும் திருமறையின் 2-வது அத்தியாயம் 282-வது வசனம் ஏவுகிறதல்லவா? பிணக்கு வராமல் தடுப்பதே அந்தக் கட்டளையின் நோக்கம்.

ஐந்தாவதாக, பெண்கள் தனியாக இருக்கும் வீட்டில் கதவைத் திறக்கத் தயங்குவது குற்றமல்ல. கிரில் கதவின் இடைவெளியில் வாங்கிக்கொள்ளலாம். வாசற்படியில் வைக்கச் சொல்லி, அவர் நகர்ந்ததும் உடனே எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமல் மாலை வரை விட்டுவைப்பதுதான் தவறு.

கொண்டு வருகிறவரின் கடமை

பார்சல் கொண்டு வரும் வேலையில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். எண்ணிக்கைக்குத் தக்கபடி கூலி, வெயிலில் அலைச்சல், நேரத்துக்குள் முடிக்கும் நெருக்கடி. அவர்களின் சிரமத்தை அறிந்தே சொல்கிறேன்.

ஒருவருக்கு மட்டுமின்றிப் பலருக்கும் கூலிக்கு வேலை செய்கிறவரை ஃபிக்ஹில் அஜீர் முஷ்தரக் என்பார்கள். தையற்காரர், சாயம் போடுகிறவர், சுமை கொண்டு செல்பவர் ஆகியோர் இந்த வகையினர். இவர் கையில் பொருள் அழிந்தால் ஈடு கொடுக்க வேண்டுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவர் செயலால் அழியாதவரை ஈடு இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. பெரும் தீவிபத்து போலத் தடுக்க முடியாத காரணம் இருந்தாலன்றி ஈடு உண்டு என்பது அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கருத்து. கவனக்குறைவு இல்லாதவரை ஈடு இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல். ஆனால் தம் கவனக்குறைவால் அழிந்ததற்குப் பொறுப்பு உண்டு என்பதில் வேறுபாடு இல்லை. யாரும் அனுமதிக்காமல், தெருவைப் பார்த்த திண்ணையில் வைத்துவிட்டுப் போவது கவனக்குறைவே.

பிறர் வீட்டுக்குச் செல்லும் ஒழுக்கத்தை 24-வது அத்தியாயம் 27, 28-வது வசனங்கள் கற்பிக்கின்றன. ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். ஆளில்லை என்றால் உள்ளே நுழையக் கூடாது. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும். மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையானால் திரும்பிவிடும்படி அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் வந்துள்ளது. பொருள் கொண்டு வருகிறவருக்கு இதைவிட நல்ல விதி உண்டா? மூன்று முறை கூப்பிடுங்கள்; போனில் கேளுங்கள்; பதில் இல்லையானால் பொருளோடு திரும்புங்கள். சுவருக்கு மேலாக உள்ளே எறிவது ஒப்படைப்பு ஆகாது.

கொடுக்காமலே கொடுத்ததாகக் கருவியில் பதிவதும், வாங்கியவரின் பெயரில் தாமே கையெழுத்துக் கிறுக்குவதும் பொய்யாகும். அமானித மோசடியும் பொய்யும் நயவஞ்சகனின் அடையாளங்களில் எண்ணப்பட்டவை. நம் தபால்காரர்கள் பதிவுத் தபாலைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததையும், ஆளில்லாதபோது திரும்பக் கொண்டு போனதையும் நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பழைய ஒழுங்கில் இந்தப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பொருள் போய்ச் சேர வேண்டிய இடம் கதவு அன்று, கை.

காம்பவுண்டில் இருப்பவர்களின் பொறுப்பு

இனி, பலர் கவனிக்காத ஒரு மஸ்அலாவைச் சொல்கிறேன். ஒருவர் தம் பொருளைச் சிலரின் முன்னிலையில், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வைத்துவிட்டுப் போகிறார். அவர்கள் பார்த்தார்கள், மறுக்காமல் மௌனமாக இருந்தார்கள். அப்படியானால் அவர்கள் எல்லோரிடமும் அது அமானிதமாகிவிட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனால், கடைசியில் இருப்பவரே அதைக் காக்கும் பொறுப்பாளியாவார். வாயால் ஒப்புக்கொள்ளவில்லையே என்று அவர் தப்பிக்க முடியாது, மௌனமே ஒப்புதலாகிறது. முன்னே குறிப்பிட்ட மஜல்லாவில் இந்தச் சட்டம் இடம் பெற்றிருக்கிறது. எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டால் பொறுப்பு இல்லை.

இதை ஒரு லைன் வீட்டில் பொருத்திப் பாருங்கள். குழாயடியில் நாலு பெண்கள் இருக்கிறார்கள். கூரியர்காரர் வந்து, இந்த வீட்டில் ஆளில்லை, இங்கே வைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று வைத்துவிட்டுப் போகிறார். நால்வரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டுக்குள் போகிறார்கள். கடைசிப் பெண்ணும், எனக்கென்ன என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அப்போது போவது வெறும் பார்சல் அன்று. அவரை நம்பி விட்டுச் சென்ற அமானிதம். தம் வீட்டுக்குள் எடுத்து வைத்து, இரவு கொடுத்திருந்தால் எவ்வளவு நன்மை!

பொருளைக் கொண்டு வந்தவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தாலும், அதைக் கண்ட அண்டை வீட்டார் எடுத்து வைத்து உரியவருக்குப் போன் செய்வது பெரும் நன்மையாகும். தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையானால் அவன் முழு ஈமான் உடையவன் அல்லன் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. அச்சமற்று இருப்பதோடு, நம்பியும் இருக்கலாம் என்ற நிலைக்கு நாம் உயர வேண்டாமா? ஒரு காம்பவுண்டில் பத்து வீடு இருந்தால், பகலில் வீட்டில் இருக்கும் முதியவர் ஒருவரைக் கேட்டு, எல்லோருடைய பொருளையும் அவர் வாங்கி வைப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். அவர் இலவசமாகச் செய்தாலும் சரி, மாதம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாலும் சரி. மஹல்லா ஜமாஅத்துகள் இதை முன்னின்று செய்து கொடுத்தால், அது அந்த முதியவருக்கும் ஒரு வருமானம்.

வீட்டு வேலைக்கு வரும் பண்டல்

திருப்பூரில் மற்றொரு வகைப் பொருளும் வாசலில் இறங்குகிறது. பிசிறு வெட்டவும், சரிபார்க்கவும், மடித்து அடுக்கவும் கான்ட்ராக்டர்கள் வீடுகளுக்குப் பீஸ் பண்டல் கொடுத்து அனுப்புகிறார்கள். விடியற்காலையில் டெம்போவிலிருந்து பண்டலை இறக்கிப் போட்டுவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய்விடுவதும் உண்டு. ஒரு பண்டல் குறைந்தால், பீஸுக்குச் சில காசுகள் கூலி வாங்கும் பெண்ணிடம் முழு உருப்படியின் விலையையும் பிடித்துக்கொள்வது சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது.

இது அநியாயம். அந்தப் பெண் எண்ணி வாங்கிக்கொள்ளாத பண்டலுக்கு அவர் பொறுப்பாளி அல்லர். எண்ணி வாங்கிய பிறகு, தம் சொந்தப் பொருளைப் போல வீட்டுக்குள் வைத்துக் காத்தும் திருடு போயிருந்தால், அமானிதம் என்ற வகையில் ஈடு இல்லை என்பதே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். மழையிலும் தெருவிலும் போட்டுவைத்து இழந்திருந்தால் அது கவனக்குறைவு. அதற்கு அவர் பொறுப்பு. ஆகவே கொடுப்பவரும் வாங்குபவரும் பண்டல் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். ஒரு நிமிட வேலை. ஒரு மாதச் சண்டையைத் தடுக்கும்.

பொருள் போய்விட்டால்

எவ்வளவு கவனமாயிருந்தாலும் சில சமயம் போய்விடுகிறது. அப்போது நாவைக் காப்பதே முதல் கடமை. அதிகமான சந்தேகங்களை விட்டு விலகும்படியும், துருவித் துருவி ஆராயாமல் இருக்கும்படியும் 49-வது அத்தியாயம் 12-வது வசனம் ஏவுகிறது. காமிராவில் ஒருவர் நடந்து போனது பதிவாகியிருக்கிறது என்பதற்காக, அவர் படத்தைத் திருடன் என்று எழுதி வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் பரப்புகிறார்கள். பிறகு அவர் நிரபராதி என்று தெரிந்தால், பரப்பிய ஒவ்வொருவரிடமிருந்தும் அதைத் திரும்ப வாங்க முடியுமா? படம் இருந்தால் போலீஸிடம் கொடுங்கள்.

விற்றவருக்கு உடனே தெரிவியுங்கள். அவர்கள் பதில் சொல்லவில்லையானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-வது பிரிவும், குடியிருக்கும் வீட்டில் நடக்கும் திருட்டுக்கு 305-வது பிரிவும் இருக்கின்றன. திருட்டுப் பொருள் என்று அறிந்தே வாங்குவது 317-வது பிரிவின்படி குற்றம். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறை திருடியவன் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக விதிக்க 303-வது பிரிவில் இடமிருக்கிறது. வறுமையால் தவறிய இளைஞன் திருந்துவதற்கு அது ஒரு வாசல்.

சில மஸ்அலாக்கள்

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரின் பார்சல் தவறுதலாக என் வீட்டுக்கு வந்துவிட்டது. இது கண்டெடுத்த பொருளா?

பதில்: இல்லை. உரியவரின் பெயர் அதன்மீது எழுதியிருக்கிறது. ஒருவரின் துணியைக் காற்று அடித்துக் கொண்டு வந்து இன்னொருவர் வீட்டில் போட்டால் அது அவரிடம் அமானிதம் என்று ஷாஃபிஈக் கிதாபுகளில் உதாரணம் சொல்வார்கள். உடனே உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். வசதியிருந்தும் தெரிவிக்காமல் வைத்திருந்து அது அழிந்தால் நீங்கள் ஈடு கொடுக்க வேண்டும். பிரித்துப் பார்ப்பதும் கூடாது.

கேள்வி: நண்பரின் பார்சலை விளையாட்டுக்காக ஒளித்து வைக்கலாமா?

பதில்: கூடாது. தன் சகோதரனின் பொருளை விளையாட்டாகவும் எடுக்கக் கூடாது என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்திருக்கிறது.

கேள்வி: சந்தையில் ஒருவர் உறை பிரிக்காத செல்போனைப் பாதி விலைக்கும் குறைவாக, ரசீது இல்லாமல் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் வாங்குவது ஹராம். பலத்த சந்தேகம் இருந்தால் விலகிக்கொள்வதே பேணுதல். வாங்குவோர் இல்லாவிட்டால் திருடுவோர் குறைவார்கள்.

கேள்வி: வாசலில் காமிரா வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் அது உங்கள் வாசலைப் பார்க்க வேண்டும். எதிர் வீட்டுக் கூடத்தையும் அவர்கள் பெண்களையும் பார்க்கக் கூடாது.

கேள்வி: சிறு வயதில் ஒருவர் வீட்டு வாசலிலிருந்து பொருள் ஒன்றை எடுத்துவிட்டேன். இப்போது தவ்பா செய்கிறேன். பள்ளிவாசலுக்கு அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டால் போதுமா?

பதில்: உரியவர் தெரிந்திருக்கும்போது அது போதாது. அவரிடமே பொருளையோ விலையையோ சேர்க்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த வழியிலாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

முடிவாக

பெருமானார் (ஸல்) அவர்கள் 622-ஆம் ஆண்டில் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவை எண்ணிப் பாருங்கள். கொல்லத் துடித்த அந்த ஊர் மக்களின் பொருள்கள் அப்போதும் அவர்களிடம் அமானிதமாக இருந்தன. எடுத்துச் செல்லவில்லை, விட்டுவிட்டும் போகவில்லை. உரியவர்கள் கையில் ஒப்படைத்து வருவதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்திச் சென்றார்கள். பகைவரின் பொருளும் பத்திரமாக இருந்த வீடு அது.

நம் தெருவும் அப்படிப்பட்ட தெருவாக வேண்டும். அனுப்புகிறவர் சரியாக எழுதி அனுப்பட்டும். கொண்டு வருகிறவர் கையில் கொடுக்கட்டும். வாங்குகிறவர் ஆளை ஏற்பாடு செய்யட்டும். பார்த்தவர் எடுத்து வைக்கட்டும். இந்த நான்கு கைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் திருடனின் கை நுழைய இடம் ஏது? இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பும்போது, பக்கத்து வாசலில் ஒரு பொதி கிடக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். கிடந்தால் உங்கள் வீட்டுக்குள் எடுத்து வைத்து, அவருக்குச் செய்தி சொல்லிவிடுங்கள்.

அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.